ஊமைக்குத்து: ரீச் படுத்தவங்களுக்கு ஒரு கேள்வி-பதில்

போன இதழ்ல ஷேடோபேன் பத்தி, அதாவது தளத்துக்காரங்க நம்மகிட்ட சொல்லாமலே நம்ம ரீச்ச (பதிவு எத்தனை பேருக்குப் போய்ச் சேருதுங்கறத) அமுக்குறது பத்தி, போறபோக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், மெயில்பாக்ஸ் நிறைஞ்சு போச்சு. பாதி பேரு "எனக்கும் இதேதான்"னு வந்திருக்காங்க, மீதி பேரு "அதெல்லாம் சரக்கு இல்லாதவன் சொல்ற சாக்கு"ன்னு வந்திருக்காங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க இதுதான்.

கேள்வி: மூணு வருஷமா வாட்டர்கலர் பெயின்டிங் போடுற பக்கம் வச்சிருக்கேன். ஒரு பதிவுக்கு நாலாயிரம், அஞ்சாயிரம் பேர் பாப்பாங்க. ரெண்டு மாசமா இருநூறு தாண்டல. வார்னிங் எதுவும் வரல, எதையும் தூக்கல. ஷேடோபேன்னு ஃப்ரெண்ட் சொல்றா. அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா? — ஒரு ஓவியர்

இருக்கு. ஆனா அந்தப் பேர்ல இருக்குன்னு எந்தக் கம்பெனியும் ஒத்துக்காது, அதுதான் இதுல இருக்கற வேடிக்கையே.

நம்ம பக்கம் ஊமைக்குத்துன்னு சொல்லுவோம்ல, வெளிய காயம் தெரியாது, உள்ள வலிக்கும், யாருகிட்ட காமிச்சாலும் "ஒண்ணும் இல்லையே"ம்பாங்க. அதேதான். உங்க பதிவை அழிக்க மாட்டாங்க, அக்கவுண்டை முடக்க மாட்டாங்க, உங்க ஃபோன்ல பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா தேடுனா வராது, ஹேஷ்டேக்ல வராது, புது ஆளுங்களுக்கு காட்ட மாட்டாங்க, சில சமயம் ஏற்கனவே ஃபாலோ பண்றவங்களுக்கே கீழ தள்ளித்தான் காட்டுவாங்க.

2018 ஜூலைல ஒரு கூத்து நடந்துச்சு. அமெரிக்காவுல சில அரசியல்வாதிங்க பேரை ட்விட்டர் தேடல்ல டைப் பண்ணா தானா வர்ற பட்டியல்ல வரலைன்னு செய்தி வெடிச்சுது. உடனே ட்விட்டர் ஒரு விளக்கம் போட்டாங்க, நாங்க ஷேடோபேன் பண்றதே இல்லைன்னு. அதே விளக்கத்துல, நீங்க ஃபாலோ பண்றவங்க ட்வீட்டை நீங்க எப்பவும் பாக்கலாம், என்ன, சில சமயம் அவங்க ப்ரொஃபைலுக்கே போய் தேடிப் பாக்க வேண்டியிருக்கும்னு அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி. முழு உண்மையும் அந்த அடைப்புக்குறிக்குள்ளதான் உக்காந்திருக்கு! எழுதுனவரைத் தவிர யாராலயுமே கண்டுபிடிக்க முடியாதபடி பண்றதுதான் ஷேடோபேன்னு அவங்களே ஒரு இலக்கணத்த தேடி எடுத்துக்கிட்டாங்க, அந்த இலக்கணப்படி அவங்க பண்றது ஷேடோபேன் இல்ல. அப்புறம் 2022 டிசம்பர்ல, கம்பெனி கை மாறுன பிறகு, உள்ள இருந்த ஸ்க்ரீன்ஷாட்டெல்லாம் வெளிய வந்துச்சு, ட்ரெண்ட்ல வரக்கூடாதவங்க, தேடல்ல வரக்கூடாதவங்க, பரப்பக்கூடாதவங்கன்னு அக்கவுண்டு மேல தனித்தனியா முத்திரை. உள்ள அதுக்குப் பேரு விசிபிலிட்டி ஃபில்டரிங், கண்ணுல படறத வடிகட்டுறது. பேரு மாறுனா சரக்கு மாறிடுமா என்ன.

புது ஓனர் எலான் மஸ்க்கும் வந்த உடனே சொன்னது, பேச்சு சுதந்திரம் உண்டு, ரீச் சுதந்திரம் கிடையாதுன்னு. 2023 ஏப்ரல்ல ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, வெறுப்புப் பேச்சுன்னு அமுக்குற ட்வீட்டு மேல "இதோட ரீச் குறைக்கப்பட்டிருக்கு"ன்னு வெளிப்படையா லேபிள் ஒட்டப் போறதா அறிவிச்சாங்க. குத்துனா குத்துனேன்னு சொல்றது ஒரு படி மேல இல்லையா.

உங்க விஷயத்துல நடந்தது இதுதானான்னு கேட்டா, தெரியாது. அடுத்த கேள்விய படிங்க.

கேள்வி: ரீச் கொறஞ்சா எல்லாரும் ஷேடோபேன்னு அழறாங்க. வீடியோ நல்லா இல்லன்னு ஒத்துக்க மனசு வராதா? — கடுப்பான பார்வையாளன்

உங்க கடுப்பு நியாயமானதுதான் சார். நிறைய நேரம் காரணம் ரொம்ப சாதாரணமா இருக்கும். அந்த தளமே ஃபோட்டோவை விட்டுட்டு வீடியோ பக்கம் சாஞ்சிருக்கும், உங்கள மாதிரி பண்றவங்க பத்து மடங்கு ஆயிருப்பாங்க, பரீட்சை சீசனா இருக்கும், இல்ல ஜனங்களுக்கு சலிச்சிருக்கும். ஒரு தடவை வைரலானவங்களுக்கு இன்னொரு சிக்கல், அந்த ஒரு நம்பரையே தன்னோட உண்மையான நம்பர்னு மனசுல எழுதி வச்சுக்கிட்டு அதுக்குக் கீழ வர்றதெல்லாம் சதின்னு நினைப்பாங்க.

ஆனா வித்தியாசத்த ஓரளவு கண்டுபிடிக்கலாம். மேல கேட்ட ஓவியரும் இத பண்ணிப் பாக்கட்டும். இன்ஸ்டால இன்சைட்ஸ்ங்கற புள்ளிவிவரப் பக்கத்துக்கு உள்ள போனா, பாத்தவங்கள்ல ஃபாலோவர்ஸ் எவ்வளவு, ஃபாலோ பண்ணாதவங்க எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டும். சலிப்புன்னா ரெண்டும் சேந்து மெல்ல மெல்ல இறங்கும், மலைச்சரிவு மாதிரி. அமுக்கியிருந்தா ஃபாலோ பண்ணாதவங்க நம்பர் மட்டும் ஒரு குறிப்பிட்ட நாள்ல இருந்து பொத்துன்னு விழும், ஃபாலோவர்ஸ் நம்பர் பெரும்பாலும் அப்படியே நிக்கும், வந்து பாக்குறவங்க லைக் போடுற விகிதமும் மாறியிருக்காது. அதாவது பாத்தவனுக்கு புடிக்குது, பாக்க விடல. யூட்யூப்ல இதையே இம்ப்ரெஷனையும் (தம்ப்நெயில், அதாவது வீடியோவோட முகப்புப் படத்த, எத்தனை தடவை காட்டுனாங்க) க்ளிக் விகிதத்தையும் (காட்டுனதுல எவ்வளவு க்ளிக் ஆச்சு) பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. க்ளிக் விகிதம் அப்படியே இருந்து இம்ப்ரெஷன் மட்டும் சரிஞ்சா, வீடியோவ காட்டறதே குறைஞ்சிருக்கு. க்ளிக் விகிதமே விழுந்திருந்தா தம்ப்நெயிலையும் தலைப்பையும் பாருங்க, கம்பெனிய திட்டாதீங்க. அமுக்குன மாதிரியே நம்பர் தெரிஞ்சாலும் அதுவே தீர்ப்பு இல்ல, தளம் மொத்தமா தன் வரிசைப்படுத்துற முறைய மாத்துனாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும், சந்தேகப்பட ஒரு காரணம் கிடைச்சிருக்குன்னு மட்டும் வச்சுக்கங்க.

இன்ஸ்டா செட்டிங்ஸ்ல அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு இருக்கு, பல பேரு அந்தப் பக்கம் போனதே இல்ல. 2022 டிசம்பர்ல இருந்து கிரியேட்டர், பிசினஸ் அக்கவுண்டுக்கு அங்கயே காட்றாங்க, உங்க பதிவுகள ஃபாலோ பண்ணாதவங்களுக்கு பரிந்துரைக்க முடியுமா முடியாதா, முடியாதுன்னா எந்தப் பதிவால. மறுபரிசீலனையும் கேக்கலாம். பச்சை டிக் இருந்தா முறைப்படி உங்க மேல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம், சிவப்பா இருந்தா ஒரு வகையில நிம்மதி, ஏன்னா காரணம் கைல கிடைச்சிருச்சு.

இன்னொண்ணு, எந்தத் தளமா இருந்தாலும், லாக் அவுட் பண்ணிட்டு இல்ல உங்கள ஃபாலோ பண்ணாத ஒருத்தர் ஃபோன்ல இருந்து உங்க பேரைத் தேடிப் பாருங்க. யூட்யூப் கமெண்டுக்கு இது கைகண்ட வைத்தியம், நீங்க போட்ட கமெண்ட் உங்களுக்கு மட்டும் தெரியும், இன்காக்னிட்டோல போய் "புதுசு முதல்ல"ன்னு அடுக்கிப் பாத்தா அங்க அது இருக்காது. நாலு வரி உருகி உருகி எழுதி, செவிடன் காதுல ஊதுன சங்கா போயிருக்கும்.

கேள்வி: ஸ்பாம் அடிக்கிறவன்கிட்ட "தம்பி உன்ன புடிச்சிட்டோம்"னு சொன்னா அடுத்த நிமிஷம் புது அக்கவுண்ட் தொறப்பான். சொல்லாம அமுக்குறதுல என்ன தப்பு? — ஐ.டி.ல மாடரேட்டரா இருந்தவன்

நீங்க சொல்ற லாஜிக்தான் இதோட பிறப்பே. 1980கள்லயே, ஃபோன் லைன் வழியா ஓடுன கம்ப்யூட்டர் அரட்டைப் பலகைகள்ல வம்பு பண்றவன துரத்துனா திரும்பி வேற பேர்ல வருவான், அதனால துரத்தாம விட்டுட்டு அவன் பேசுறது அவனுக்கு மட்டும் கேக்குற மாதிரி பண்ணிட்டாங்க. பதில் வராம தானா போயிடுவான். அருமையான தந்திரம், மெஷினே ஓட்டுற போட் அக்கவுண்டுக்கு இன்னிக்கும் இதவிட நல்ல மருந்து இல்ல.

சிக்கல் என்னன்னா பாம்புக்கு வச்ச பொறில கோழி மாட்டுது. போட் அக்கவுண்டுக்கு மனசு கிடையாது, சுவத்துக்கிட்ட பேசுனாலும் அதுக்கு வலிக்காது. ரெட்டிட்ங்கற விவாதத் தளத்துக்காரங்களே இத உணர்ந்துதான் 2015 நவம்பர்ல நிஜ மனுஷங்களுக்கு ஷேடோபேன் வேண்டாம், சஸ்பெண்ட் பண்ணா காரணம் சொல்லி சஸ்பெண்ட் பண்ணுவோம்னு மாறுனாங்க, பழைய முறைய ஸ்பாமுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. ஆக முடியாத காரியம் இல்ல. திருடனுக்கு சொல்லாதீங்க சரி, மூணு வருஷமா தன் மூஞ்சியக் காட்டி உங்க தளத்துலயே வீடியோ போடுறவ திருடியா?

அதோட இப்ப அமுக்குறது விதிய மீறுன பதிவ மட்டும் இல்ல. 2018 கடைசில ஃபேஸ்புக் தலைவரே எழுதுனாரு, விதி மீறல் கோட்டுக்கு பக்கத்துல வர்ற பதிவுக்குத்தான் ஜனங்க அதிகமா வர்றாங்க, அதனால கோட்டத் தாண்டாட்டியும் கிட்ட வந்தாலே பரவறத குறைப்போம்னு. 2019 ஆரம்பத்துல யூட்யூபும் அதே மாதிரி எல்லையோரப் பதிவுகள பரிந்துரைக்கறத குறைச்சாங்க. பொய்ச் செய்தி பரவறதுக்கு இது தடைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கோடு எங்க இருக்குன்னு விதிப் புத்தகத்துல இருக்கு, "கோட்டுக்கு கிட்ட" எங்க ஆரம்பிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

கேள்வி: பெண்கள் உடல்நலம் பத்தி பேசுறேன். மார்பகப் புற்றுநோய்னு எழுதுனா ரீச் படுக்குதுன்னு பயந்து எழுத்துக்கு நடுவுல புள்ளி, ஸ்டார் எல்லாம் வச்சு உடைச்சு உடைச்சு எழுதுறேன். எனக்கே அசிங்கமா இருக்கு. வேற வழி இருக்கா? — பேர் போட வேணாம்

உங்க கடிதத்ததான் ரெண்டு தடவை படிச்சேன்.

முதல்ல ஒரு நடந்த கதை. 2020 அக்டோபர்ல பிரேசில்ல ஒருத்தங்க இன்ஸ்டால மார்பகப் புற்றுநோய் அறிகுறிகள விளக்கி ஒரு பதிவு போட்டாங்க. பிங்க் கலர்ல, விழிப்புணர்வு மாசத்துக்காக, அறிகுறி எப்படி இருக்கும்னு படத்தோட. மனுஷக் கண்ணே படாம மெஷினே ஆபாசம்னு தூக்கிருச்சு. இத்தனைக்கும் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு விலக்கு உண்டுன்னு அவங்க விதிலயே எழுதியிருக்கு. படத்து மேலயே போர்ச்சுகீஸ்ல மார்பகப் புற்றுநோய்னு பளிச்சுன்னு எழுதியிருந்துச்சு, மெஷின் அத கவனிக்கல. கம்பெனி முடிவுகள மறுபடி அலசிப் பாக்குற மேற்பார்வைக் குழு விசாரணைக்கு எடுத்ததும், கம்பெனிக்காரங்க தப்புத்தான்னு சொல்லி பதிவத் திரும்ப வச்சாங்க, 2021 ஜனவரில தீர்ப்பும் பதிவு போட்டவங்க பக்கம்தான் வந்துச்சு. கவனிங்க, இது தூக்குன கேஸ். தூக்குனதாலதான் அவங்களுக்குத் தெரிஞ்சுது, மேல போய் கேக்கவும் முடிஞ்சுது. சத்தமில்லாம கீழ தள்ளியிருந்தா? இன்னிக்கு வரைக்கும் அவங்க "பதிவு சரியா போகல போல"ன்னு நினைச்சுட்டு இருந்திருப்பாங்க.

அதனால உங்க பயம் அர்த்தமில்லாதது இல்ல. தமிழுக்கு இன்னும் கஷ்டம், நம்ம பேச்சுலயே பாதி வார்த்தை கொலைகாரத்தனமா இருக்கும். "சிரிச்சே செத்தேன்", "சாவடிக்கிறான்யா", "கொன்னுட்ட போ"ன்னு பாராட்டுறோம். இத ஒரு மெஷின் வரிக்கு வரி படிச்சா போலீஸக் கூப்பிடும்.

ஆனா உடைச்சு எழுதறதுல ஒரு நஷ்டம் இருக்கு, அத யாரும் கணக்குல எடுக்கறதில்ல. குளிக்கும்போது மார்புல ஒரு கட்டி தட்டுப்பட்ட பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன எடுத்து தேடுறான்னு வைங்க, அவ சரியான ஸ்பெல்லிங்லதான் தேடுவா. நீங்க "மா.பக பு*று"ன்னு எழுதியிருந்தா அவ கண்ணுல நீங்க பட மாட்டீங்க. பாக்க முடியாதவங்க ஸ்க்ரீன் ரீடர் வச்சு கேட்டா அது புள்ளி ஸ்டார்னு உளறும். அதுவும் போக, மெஷின் முட்டாளா இருக்கும்னு ஒரு நம்பிக்கைல பண்றோம், இந்த ஒளிஞ்சு புடிச்சு விளையாட்டு மெஷினுக்கும் பழகிடும், அப்புறம் புதுசா வேற ஒடிக்கணும். இங்கிலீஷ்ல சாவுக்கே "அன்அலைவ்"னு ஒரு வார்த்தைய உண்டாக்கி அது தளத்த விட்டு வெளிய வந்து பசங்க நேர்ல பேசவே ஆரம்பிச்சுட்டாங்க.

நான் சொல்றது, தலைப்பு, கேப்ஷன், சப்டைட்டில்ல நோயோட பேர முழுசா எழுதுங்க. படத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்க, முடிஞ்சா ஃபோட்டோவுக்கு பதிலா வரைபடம். எதையாவது தூக்குனா, ஸ்டேட்டஸ்ல சிவப்பு வந்தா, விடாம அப்பீல் பண்ணுங்க, அப்பீல்ல "மருத்துவ விழிப்புணர்வு"ன்னு முதல் வரிலயே எழுதுங்க. ரீச் கொறையலாம். உங்களத் தேடி வர்றவளுக்கு கிடைப்பீங்க.

கேள்வி: குறிப்பிட்ட ஆளுங்களப் பாத்து அமுக்குறாங்கன்றது உண்மையா, இல்ல அதுவும் புரளியா?

ஒரு கேஸ்ல கம்பெனியே ஒத்துக்கிட்டாங்க. 2019 டிசம்பர்ல ஜெர்மனில ஒரு செய்தித் தளம் டிக்டாக்கோட உள்விதிகள வெளியிட்டுது. மாற்றுத்திறனாளிங்க, குண்டா இருக்கறவங்க, தன்பாலின ஈர்ப்புள்ளவங்க வீடியோவெல்லாம் அதிகம் பரவாதபடி வச்சிருந்தாங்க. காரணம் கேட்டா, அவங்கள யாரும் கிண்டல் பண்ணிடக்கூடாதுன்னு பாதுகாப்பாம்! அது தப்பான அணுகுமுறைதான், இப்ப மாத்திட்டோம்னு சொன்னாங்க. கிண்டல் பண்றவன விட்டுட்டு கிண்டல் வாங்குறவள ரூம்ல வச்சுப் பூட்டுறது, இது நமக்கு பழகுன பாதுகாப்புதான், இல்லையா மேடம்?

எல்லாமே வேணும்னே நடக்குதுன்னும் சொல்ல முடியாது. அதே டிக்டாக்ல 2020ல கறுப்பினத்தவர் போராட்ட ஹேஷ்டேக்குக்கு பார்வை பூஜ்யம்னு காமிச்சுது, அது டெக்னிக்கல் கோளாறுன்னு சொல்லி மன்னிப்பு கேட்டாங்க. இருக்கலாம். ஆனா முன்னாடி ஒரு தடவை மறைச்சவன் சொல்ற "கோளாறு"வ யாரு நம்புவா.

கேள்வி: ஷேடோபேன எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் டி.எம்.ல வந்தாரு. பாஸ்வேர்டும் கொஞ்சம் பணமும் கேக்குறாரு.

ப்ளாக் பண்ணுங்க. இப்பவே. படிச்சு முடிக்கறதுக்குள்ள.

ஏற்கனவே பாஸ்வேர்ட் குடுத்திருந்தா மாத்திட்டு, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, தெரியாத டிவைஸ் எதுவும் லாகின்ல இருக்கான்னு பாத்து தூக்குங்க. 48 மணி நேரம் ஆப்ப தொடாத, அக்கவுண்ட பர்சனலா மாத்தி திரும்ப மாத்து, எல்லா ஹேஷ்டேக்கையும் அழி, இந்த கைவைத்தியமெல்லாம் கூட வேலை செஞ்சதா யாரும் நிரூபிச்சதில்ல. சும்மா ரெண்டு நாள் இருந்தாலே நம்பர் ஏறி இறங்கும், ஏறுனா வைத்தியம் பலிச்சுதும்பாங்க.

கேள்வி: என் வீடியோவுக்கு யூட்யூப்ல மஞ்ச டாலர் வந்துருச்சு, ஷேடோபேனா?

இல்ல, அது விளம்பரத்துக்கு. வீடியோ விளம்பரதாரருக்கு முழுசா ஒத்து வராதுன்னு அர்த்தம். பரிந்துரை வேற சிஸ்டம், ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னுதான் யூட்யூப் சொல்லுது. மனுஷ ரிவ்யூ கேளுங்க, பல நேரம் பச்சையாகும்.

கேள்வி: சட்டம் எதுவும் இல்லையா? கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்க முடியுமா?

ஐரோப்பாவுல ஒருத்தர் ஜெயிச்சிருக்காரு. அங்க டிஜிட்டல் சர்வீசஸ் ஆக்ட்னு ஒரு சட்டம், பெரிய தளங்களுக்கு 2023 ஆகஸ்ட்ல இருந்தும் மத்தவங்களுக்கு 2024 பிப்ரவரி 17ல இருந்தும் அமல்ல இருக்கு. அதோட 17வது பிரிவு, பதிவ நீக்குனா மட்டும் இல்ல, கீழ தள்ளுனாலும் காரணத்த எழுத்துல குடுக்கணும்ங்குது. சட்டத்தோட முன்னுரைல ஷேடோபேனிங்ன்ற வார்த்தையே இருக்கு. இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணாங்களே, அதுக்கு சட்டப் புத்தகத்துல ஒரு வரி!

நெதர்லாந்துல ஒரு ஆராய்ச்சியாளர், எக்ஸுக்கு (ட்விட்டரோட புதுப் பேரு) மாசாமாசம் பணம் கட்டி ப்ரீமியம் வச்சிருந்தவரு. 2023 அக்டோபர்ல இருந்து அவர் பேரத் தேடுனா சரியா வரல. கம்பெனிகிட்ட கேட்டா மழுப்பலான பதில். ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டுக்குப் போனாரு, 2024 ஜூலைல தீர்ப்பு அவர் பக்கம், காரணம் சொல்லாததும் தகவல் குடுக்காததும் தப்புன்னு. காசு வாங்கிட்டு கடைய மூடுனா கேக்கத்தானே செய்வாங்க. அதுக்காக நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமான்னா, அது ஐரோப்பிய சட்டம், அவரும் சட்டம் தெரிஞ்ச ஆளு. மத்தவங்களுக்கு இப்போதைக்கு அப்பீல் பட்டன்தான்.

கேள்வி: பழைய மாதிரி பண்ண முடியல. வீடியோ போட்டுட்டு அரை மணிக்கு ஒரு தடவை நம்பர் பாக்குறேன். எதச் சொன்னாலும் இது பிரச்சனையாகுமோன்னு தோணுது, வெட்டி வெட்டி இப்ப வீடியோல நான் பேசுறதுல நானே இல்ல. இது மட்டும் எனக்கா?

இல்லம்மா, உங்களுக்கு மட்டும் இல்ல. என்னப் பொறுத்தவரைக்கும் இதோட பெரிய நஷ்டம் வியூஸ் இல்ல, இதுதான்.

எனக்கும் நடந்துச்சு, எந்த தளம்னு வேணாம். பழைய வார்த்தைகளோட கதைய ஒண்ணரை நிமிஷத்துல சொல்ற சின்ன வீடியோ போட்டுட்டு இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமைல இருந்து ஃபாலோ பண்ணாதவங்க நம்பர் அறுபது சதவீதத்துல இருந்து மூணு சதவீதம். ஸ்டேட்டஸ் பச்சை. சப்போர்ட்டுக்கு எழுதுனா "உங்கள் அக்கவுண்டில் எந்தப் பிரச்சனையும் இல்லை"ன்னு ரெடிமேட் பதில். அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் கொடுமை. கடைசியா போட்ட இருபது வீடியோவ திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தேன், எந்த வார்த்தைல மாட்டுனேன்னு. "சவுக்கு"ன்னு சொன்னேனே அதுவா? "பிணக்கு"ன்ற வார்த்தைக்கு விளக்கம் குடுத்தேனே, மெஷின் அதுல பிணத்த பாத்துருச்சோ? ஒரு நோட்டுப் போட்டு பட்டியல் எழுதுனேன், பொண்டாட்டி எட்டிப் பாத்துட்டு "என்னங்க, மந்திரம் எழுதுறீங்களா"ன்னா. ஒரு மாசத்துல அந்தப் பட்டியல்ல நாப்பத்திமூணு வார்த்தை. யாரும் எனக்கு தடை போடல, நானே எனக்கு நாப்பத்திமூணு தடை போட்டுக்கிட்டேன். காரணம் சொல்லியிருந்தா ஒரே ஒரு வார்த்தைய விட்டிருப்பேன், இல்ல சண்டை போட்டிருப்பேன்.

உங்களுக்கு சொல்ல ரெண்டே விஷயம். நம்பர் பாக்குறத வாரத்துக்கு ஒரு நாள்னு வச்சுக்கங்க, அரை மணி நம்பர்ல தகவலே கிடையாது. அப்புறம், பாக்க வர்றவங்கள்ல ஒரு நூறு பேரயாவது மெயில் லிஸ்ட்டுக்கோ இல்ல நீங்க நேரா செய்தி அனுப்ப முடியற வேற இடத்துக்கோ கூட்டிட்டு வாங்க. அங்க நடுவுல யாரும் உக்காந்து வடிகட்ட மாட்டாங்க. இத நான் நாலு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கணும், பண்ணல.

கேள்வி: உங்க பக்கம் இப்ப எப்படி இருக்கு? — முதல் இதழ்ல இருந்து படிக்கிறவன்

அஞ்சு மாசம் கழிச்சு ஒரு வியாழக்கிழமை காலைல தானா சரியாயிருச்சு சார். ஏன் போச்சுன்னும் சொல்லல, ஏன் வந்துச்சுன்னும் சொல்லல. நோட்ட மட்டும் இன்னும் கிழிக்கல, போன வாரம் கூட ஒரு வார்த்தை சேத்தேன்.